அத்தை பார்த்த பட்டணம்

பட்டணத்தில் குடியிருக்கிறவன் பட்டணத்தைப் பார்ப்பதில்லை. ஊரிலிருந்து உறவினர் யாராவது பெட்டியும் கையுமாக வந்து இறங்கி, "கோட்டையைப் பார்க்கணும், மியூசியம் பார்க்கணும்" என்று சொன்னால்தான், அப்படி இரண்டு இடங்கள் இருப்பதே நமக்கு ஞாபகம் வரும். நான் காலடிப்பேட்டைக்குக் குடிவந்து முப்பத்தைந்து வருஷமாகிறது. இந்த முப்பத்தைந்து வருஷத்தில் நான் கோட்டைக்குள் போனது மூன்று தடவை. மூன்று தடவையும் யாரையாவது அழைத்துக்கொண்டுதான்.

நாலாவது தடவை அத்தைக்காக.

அத்தைக்குக் காஞ்சீபுரம். வயது எழுபத்தெட்டு. கல்யாணமான நாளிலிருந்து தறிக்கு நூல் இழைத்தும், தார் சுற்றியும், பிறகு தானே தறியில் உட்கார்ந்தும் காலத்தை ஓட்டியவள். வீட்டில் ஒரு காலத்தில் மூன்று குழித்தறிகள் ஓடின. பிறகு இரண்டு, பிறகு ஒன்று. பேரன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மோட்டார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான். போன மாதம் அந்தக் கடைசித் தறியையும் பிரித்து, கட்டையை விறகு விலைக்கும் சாமான்களை வந்த விலைக்கும் கொடுத்துவிட்டார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லையாம். மறுநாள் காலையில், "பட்டணத்திலே தம்பி வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாளாம். தம்பி என்றால் நான்தான். தம்பி பிள்ளையும் அவளுக்குத் தம்பிதான்.

வந்த மறுநாள் காலை காபி சாப்பிட்டதும், "ஏம்ப்பா, செத்த காலேஜ் இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள்.

இந்தக் காலத்து வாசகர்களுக்கு இதற்கு அர்த்தம் சொல்லவேண்டும். மிருகக் காட்சிசாலைக்கு அந்த நாளில் கிராமத்து ஜனங்கள் வைத்த பெயர் உயிர்க் காலேஜ். மியூசியத்துக்கு வைத்த பெயர் செத்த காலேஜ். உயிர்க் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. செத்த காலேஜ் எழும்பூரில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1851-ல் அது முதன்முதலாக ஆரம்பமானது கல்லூரிக் கட்டடம் ஒன்றின் மாடியில். காலேஜ் என்ற பெயர் அதனால் ஒட்டிக்கொண்டதோ என்னவோ!

"இருக்கு அத்தை. காலையிலே கோட்டை, மத்தியானம் காலேஜ். இரண்டும் பார்த்துவிடலாம்" என்றேன்.

எங்கள் பேட்டைக்கு 2021-ல் மெட்ரோ ரயில் வந்தது. ஏறியதும் ஜில்லென்று கொண்டுபோய் விட்டுவிடும் என்று நானும் பெருமையாகச் சொல்லி அழைத்துப் போனேன். ஸ்டேஷன் வாசலில் பைகளை ஒரு யந்திரத்துக்குள் விட்டு எடுக்கவேண்டும் அல்லவா? அத்தையின் மஞ்சள் பை உள்ளே போனது. வெளியே வந்ததும் காவலுக்கு நின்ற பெண் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டாள்.

"பாட்டி, உள்ளே என்ன? இரும்பு மாதிரி தெரியுது."

அத்தை பையைத் திறந்தாள். வெற்றிலைப் பெட்டி, மாத்திரைச் சீட்டு, ஒரு துண்டு. அடியிலிருந்து அவள் எடுத்தது ஒரு நாடா. தறி நாடாவைப் பார்த்திராதவர்களுக்கு: சின்னப் படகு மாதிரி இருக்கும்; கையடக்கமான மரக்கட்டை; இரண்டு முனையிலும் கூராக இரும்பு பதித்திருக்கும்; நடுவயிற்றில் நூல் சுற்றிய தார் உட்கார்ந்திருக்கும். அத்தையின் கையில் இருந்ததில் தார் இல்லை. வயிறு காலியாக இருந்தது. மரம் மட்டும் எண்ணெய் தேய்த்துவிட்டாற்போல் வழவழவென்று கறுத்திருந்தது.

அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எதுக்கு?"

அத்தை அதை வாங்கி, இடது கையை நீட்டி, வலது கையால் விட்டு இடது கையால் பிடிப்பதுபோல் இரண்டு தடவை செய்து காட்டினாள். "இப்படிப் போகும், இப்படி வரும். போயிட்டு வந்தா ரெண்டு இழை. நீ கட்டியிருக்கிறது எல்லாமே அப்படி வந்ததுதான், கண்ணு." பின்னால் ஆபீசுக்குப் போகிறவர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "சரி பாட்டி, ஜாக்கிரதையா வச்சிக்குங்க" என்று விட்டுவிட்டாள்.

ரயிலில் உட்கார்ந்ததும், "இதை ஏன் அத்தை சுமந்துகொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கை தேடுது" என்றாள். அவ்வளவுதான்.

கோட்டைக்குள் நுழைந்ததும் நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். கதை எழுதுகிறவனுக்குக் கேட்க ஒரு ஆள் அகப்பட்டால் விடுவானா? "1639-ல் பிரான்ஸிஸ் டே என்ற வெள்ளைக்காரர் இந்தக் கடற்கரையில் இடம் பிடித்தார். இங்கே துறைமுகமும் கிடையாது, நல்ல ஆறும் கிடையாது. ஏன் பிடித்தார் தெரியுமா? மற்ற இடங்களைவிட இங்கே துணி நூற்றுக்கு இருபது மலிவு என்று கணக்குப் போட்டார். அந்த இருபதுக்காகத்தான் கோட்டை. கோட்டைக்காகத்தான் சென்னைப் பட்டணம்."

அத்தை நின்றாள். "துணிக்கா?"

"துணிக்குத்தான்."

"இத்தனை பெரிய மதிலா?" என்று மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "மலிவுன்னா நெய்யறவனுக்குக் குறைச்சுக் கொடுத்திருப்பான்" என்றாள். நான் எத்தனையோ சரித்திரப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். இருபது சதவீதம் என்ற அந்த எண்ணுக்கு இன்னொரு பக்கம் இருக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

கோட்டை மியூசியம் 1948-ல் திறந்தது. கத்தி, துப்பாக்கி, நாணயங்கள், பீங்கான், சட்டம் போட்ட பெரிய பெரிய படங்கள். கீழே காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை நிற்கிறது. அதன் பீடத்தில், 1792-ல் திப்பு சுல்தான் தம் பிள்ளைகள் இருவரைப் பிணையாக ஒப்படைத்த காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். "நகையை அடகு வைப்பாங்க, தறியைக்கூட வைப்பாங்க. பிள்ளைங்களையா?" என்று அத்தை அந்தக் கல் குழந்தைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபுவின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. மேலே பழைய ராணுவ உடுப்புகள் இருந்த இடத்தில் மட்டும் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி நின்று இழையைப் பார்த்தாள். நூல் என்ன எண் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பாள்.

பக்கத்தில் செயின்ட் மேரீஸ் தேவாலயம். 1680-ல் கட்டி முடித்தது. ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் கல்யாணம் நடந்த இடம். வெளியே தரையெல்லாம் கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். அவை முதலில் இங்கே இருந்தவை அல்ல. கோட்டைக்கு வெளியே பழைய இடுகாட்டில் இருந்தவை. 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டபோது அந்தச் சமாதிகளின் மறைவில் நின்று கோட்டையைச் சுட்டார்கள். ஆகவே பிற்பாடு அவற்றை இடித்து, எழுத்து வெட்டிய கற்களை மட்டும் கொண்டுவந்து இங்கே பரப்பிவிட்டார்கள். நான் பேசிக்கொண்டே அவற்றின் மேல் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அத்தை ஓரமாக, மண் தெரிகிற இடமாகப் பார்த்து அடிவைத்து வந்துகொண்டிருந்தாள்.

"பேர் எழுதியிருக்குதே, அதை மிதிக்கலாமா?" என்றாள். அவளுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது.

மத்தியானம் எழும்பூர். அமராவதிக் கற்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அந்த ஸ்தூபியின் சிற்பங்களில் ஒரு பகுதி இங்கே. ஒரு பகுதி லண்டனில். பிறகு வெண்கலச் சிலைகள். திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ரோடேன் என்ற பிரெஞ்சுச் சிற்பி இந்த மியூசியத்து நடராஜரைப் புகைப்படங்களில் மட்டும் பார்த்துவிட்டு உருகி எழுதினார், அது 1921-ல் அச்சேறியது என்றெல்லாம் ஆரம்பித்தேன். அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையைத் தூக்கிக் கும்பிட்டாள்.

"வெளிச்சம் நல்லாத்தான் போட்டிருக்காங்க. ஆனா விளக்கு இல்லையே" என்றாள்.

சாயங்காலம் எழும்பூரில் ரயிலேறி, சென்ட்ரலில் மாறி, வடக்கே திரும்பினோம். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தன. அத்தைக்குக் களைப்பு, எனக்கு இன்னும் பேச்சு அடங்கவில்லை. வண்ணாரப்பேட்டை என்றால் கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம். அதற்குக் கிழக்கே ராயபுரம். பீட்டர் என்ற கிறிஸ்தவ அப்போஸ்தலருக்குத் தமிழில் இராயப்பர் என்று பெயர், அவர் கோயிலை ஒட்டி வந்தது. தண்டையார்பேட்டை என்பது தொண்டியார்பேட்டை. தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபை ஜனங்கள் தொண்டியார் என்றார்கள்.

"காலடிப்பேட்டை?" என்று அத்தை கேட்டாள். "யார் காலடி? ராமரா? சங்கராசாரியாரா?"

எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராமர் பாதம் பட்டது என்பார்கள். சங்கரர் பிறந்த மலையாளத்துக் காலடியோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. உண்மையில் அது காலடியே அல்ல. காலெட் என்ற ஒரு துரை. 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட். லண்டனில் வியாபாரத்தில் நொடித்து, கடனை அடைக்கக் கப்பலேறி, சுமத்ராத் தீவில் சில வருஷம் அதிகாரம் பண்ணிவிட்டு இங்கே வந்தவர். திருவொற்றியூரும் பக்கத்து நாலு கிராமங்களும் 1708-ல் நவாபிடமிருந்து கம்பெனிக்குக் கிடைத்துக் கைநழுவிப் போயிருந்தன. அவர் நாளில் மறுபடியும் கைக்கு வந்தன. திருவொற்றியூருக்குத் தெற்கே வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் நெசவாளரையும் துணியில் வண்ணம் தீட்டுகிறவரையும் குடியேற்றி ஒரு பேட்டை அமைத்தார். காலெட் பேட்டை. வாய்க்கு வந்தபடி சொல்லிச் சொல்லி அது காலடிப்பேட்டை ஆயிற்று. சிந்தாதிரிப்பேட்டை என்கிறோமே, சின்னத் தறிப் பேட்டை, அது வந்தது 1734-ல். எங்கள் பேட்டை அதற்குப் பதினைந்து வருஷம் மூத்தது.

அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது.

"நீ இருக்கிற ஊர் தறிக்காரங்க ஊரா?"

"இருந்தது, அத்தை."

"காலையிலே ஏன் சொல்லலே?"

என்ன பதில் சொல்வது? பார்க்கவேண்டிய இடங்கள் என்றால் டிக்கெட் வாங்கிப் போகிற இடங்கள் என்றே நான் நினைத்திருந்தேன். கேட்கிறாளே என்ற உற்சாகத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். "அந்தத் துரையின் உருவம் இப்போதும் இருக்கிறது, அத்தை. 1716-ல் சின்குவா என்ற சீனக் கைவினைஞர் களிமண்ணால் செய்து வர்ணம் தீட்டினார். மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. சீமையில் இருந்த மகள் எலிஸபெத், அப்பாவின் படம் வேண்டும் என்று கேட்டாளாம். அவளுக்கு அதை அனுப்பி, 'முகஜாடை சரியாக வந்திருக்கிறது, நிறம்தான் அவ்வளவு பொருந்தவில்லை' என்கிற மாதிரி கடிதமும் எழுதினார். லண்டனில் வைத்திருக்கிறார்கள். சுடாத மண் பொம்மை, முந்நூறு வருஷமாக உடையவில்லை!"

"பாவம், பொண்ணைப் பிரிஞ்சு இருந்திருக்கான்" என்றாள். பிறகு கேட்டாள்: "குடிவந்தவங்க எத்தனை பேர்?"

"நூறு வீட்டுக்குக் கொஞ்சம் மேலே. கணக்கு இருக்கிறது."

"யார் யார்?"

ரயில் டோல்கேட் ஸ்டேஷனில் நின்று புறப்பட்டது. நான் வாயைத் திறந்து மூடினேன். துரையின் பெயர் தெரியும். துரை மகளின் பெயர் தெரியும். பொம்மை செய்த சீனக்காரர் பெயர்கூடத் தெரியும். நூறு வீட்டிலும் தறியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்தப் பெயர்களைத் தேடவேண்டும் என்றுகூட இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதில்லை. காலெட் கதையை நான் எத்தனை விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்!

பேச்சை மாற்றத்தான் கோயில் கதையை எடுத்தேன். காலெட்டிடம் வீரராகவன் என்று ஒரு குமாஸ்தா இருந்தார் என்பார்கள். தினமும் காஞ்சீபுரம் போய் வரதராஜரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அதனால் தினமும் தாமதம். துரைக்குக் கோபம். "உன் சாமி அங்கே இந்த நிமிஷம் என்ன செய்கிறார், சொல் பார்ப்போம்" என்றார். வீரராகவன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று சொன்னார். உத்ஸவத்தில் தேர் நின்றுவிட்டது என்று சொன்னதாக ஒருவர் சொல்வார். குடை சாய்ந்தது என்று சொன்னதாக இன்னொருவர் சொல்வார். துரை ஆள் அனுப்பி விசாரித்தால், அதே நாழிகையில் அதே மாதிரி நடந்திருந்தது. துரை அசந்துபோய் இங்கேயே வரதராஜருக்குக் கோயில் கட்ட ஏற்பாடு செய்தார். கல்யாண வரதராஜப் பெருமாள் என்று திருநாமம்.

காஞ்சிக்கும் இதற்கும் எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தினம் எப்படிப் போய்வர முடியும் என்று படித்தவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டதுண்டு. நெசவாளர் நிலைத்து நிற்கவேண்டுமானால் குடியிருக்க வீடு மட்டும் போதாது, கும்பிடக் கோயிலும் வேண்டும் என்று கணக்குத் தெரிந்த துரை யோசித்திருப்பார். அதுதான் விஷயம் என்று எழுதியும் இருக்கிறேன். அவருடைய சீமையிலோ 1721-ல், வண்ணம் தீட்டிய பருத்தித் துணியை யாரும் உடுத்தக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். அதற்குள் துரை கப்பலேறிவிட்டார். துரைகள் வருவார்கள், போவார்கள். தறிக்குழி தோண்டியவன் எங்கே போவான்?

அத்தை இந்த ஆராய்ச்சி எதையும் காதில் வாங்கவில்லை. "எங்க வரதரா? இங்கேயா இருக்கார்?" என்றாள். "என்னைக் கோட்டைக்கெல்லாம் கூட்டிக்கிட்டுப் போனியே!"

ஸ்டேஷனில் இறங்கி நேரே கோயிலுக்கு நடந்தோம். நானும் அந்தக் கோயிலுக்குள் போய்ப் பல வருஷமாகிவிட்டது. வாசலைத் தாண்டிப் போகும்போது செருப்போடு நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற பேர்வழி நான். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துளசி வாசனை. நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அத்தை தூணோரம் நின்று, பெருமாளை வெகு நேரம் பார்த்தாள். பையிலிருந்து நாடாவை எடுத்தாள். சந்நிதியில் வைத்துவிடப் போகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. அதை இரண்டு கைக்கும் நடுவே வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி பையில் போட்டுக்கொண்டாள்.

பிராகாரத்தைச் சுற்றி வரும்போது, "முதல் தறி போட்ட அன்னிக்கு அவங்களும் இங்கேதானே வந்து நின்னிருப்பாங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சரித்திரம் தெரிந்திருந்தது. அந்த வாக்கியம் அதில் எங்கேயும் இல்லை.

அன்று இரவு சாப்பாடானதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னப்பா?"

"உங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்தவர்கள் பெயரெல்லாம் சொல்லுங்கள். எழுதி வைக்கிறேன்."

சிரித்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மாமனார், மாமனாருக்குத் தகப்பனார், சின்ன மாமனார் இரண்டு பேர், பாவு பிணைக்க வந்துகொண்டிருந்த ஒரு கிழவி, கரைக்குச் சாயம் தோய்த்துக் கொடுத்தவர், கூலிக்கு வந்து பதினாறு வருஷம் உட்கார்ந்துவிட்டுப் போன ஒருவர். ஒவ்வொரு பெயரோடும் ஒரு சங்கதி வந்தது. இவருக்குக் கரை வேலை நன்றாக வரும். அவர் இழை அறுந்தால் திட்டுவார். இந்தக் கிழவிக்குக் கண் தெரியாமல் போன பிறகும் விரல் தப்பாது. இரண்டு பக்கம் நிறைந்தது. ஒரு பெயர் மட்டும் வரவில்லை.

"மாமா பெயர்?" என்றேன். மாமா போய் ஒன்பது வருஷமாகிறது. அவரை ஊரில் எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் மாமா என்பதற்கு மேல் விசாரித்ததில்லை.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அறுபது வருஷமாக வாயால் சொல்லாத பெயர். எழுபத்தெட்டு வயதில், தம்பி பிள்ளைக்கு எதிரிலும் அதைச் சொல்ல முடியவில்லை. கை பையைத் தேடி, நாடாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"கோயில்லே பார்த்தோமே" என்றாள் மெதுவாக. "அவர் பேருதான். எழுதிக்க."